சர்க்கரையைத் தின்னும் நோய் என்று நான் சொன்னேன்

சென்ற வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். வாழ்த்திய நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. நன்றியுரைப் பக்கத்தில் என் சித்தியைப் பற்றி, “ஆறாம் இயலுக்குக் காரணமானவர்” என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இருவர் விளக்கம் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர், உட்கரு ஏற்பிகளும் மைட்டோகாண்ட்ரியாவும் பற்றிய ஆய்வேட்டில் ஓர் இயலுக்குக் காரணமானது எப்படி என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. ஆகவே இந்த நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இதில் ஒரு பிழை வருகிறது, அது என்னுடையது.

சித்தியின் வீடு மும்பையில், தாராவியில். சித்தப்பாவை மணந்துகொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே குடிவந்தவர். முதுகலைப் படிப்பின் இரண்டு ஆண்டுகளும் அவர் வீட்டு மேல்தளத்து அறையில் தங்கித்தான் படித்தேன். அதிகாலை இரண்டரை மணிக்கு இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறிவிடும். ஐந்தரை மணிக்கெல்லாம் விற்பனைக்காரர்கள் வந்து, அலுமினியப் பாத்திரங்களில் இட்லியை அடுக்கி, மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஊதலை அழுத்தியபடி நகரத்துக்குள் கலைந்து போவார்கள். என் படிப்புச் செலவில் ஒரு பங்கு அந்தக் கொப்பரையிலிருந்து வந்தது.

நான் புனேயில் ஆய்வில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, 47 வயதில், சித்தியின் இடது மார்பில் கட்டி இருப்பது தெரியவந்தது. திசுச் சோதனை அறிக்கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: பாசிட்டிவ். நான் நாள்தோறும் பெயர் சொல்லிப் புழங்கும் புரதக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், என் சித்தியின் பெயர் போட்ட தாளில் இருந்தார். அதைப் பார்த்து நிம்மதி அடைந்தேன் என்று சொன்னால் வெளியாருக்கு விந்தையாக இருக்கும். அந்த ஏற்பி இருந்தால் அதை அடைக்க மருந்து உண்டு. இல்லையென்றால் அந்த வழி இல்லை. வீட்டில் யாருக்கும் புரியாத ஒரு நிம்மதியை நான் மட்டும் அனுபவித்தேன்.

அடுத்த வாரம் உடல் முழுவதையும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அன்று மாலை சித்தி தொலைபேசியில் கேட்டார்: “சர்க்கரத் தண்ணிய ஊசியில ஏத்திட்டு ஒரு மணி நேரம் அசையாமப் படுக்கச் சொன்னாவ பிள்ள. அது எதுக்கு?”

ஆய்வகத்தில் செல்களுக்கு ஊடகம் மாற்றிக்கொண்டிருந்தேன். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன்: “புற்றுநோய் சர்க்கரையைத்தான் தின்னும் சித்தி. சர்க்கரை எங்கே போய்ச் சேருதுன்னு பாத்தா நோய் எங்கே இருக்குன்னு தெரிஞ்சிரும்.”

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எளிமையாகச் சொல்லிவிட்டோம் என்ற மனநிறைவோடு வேலையைத் தொடர்ந்தேன்.

அந்த வாக்கியத்தில் உண்மை இருந்தது. ஊசியில் ஏற்றுவது குளுக்கோஸின் மாற்று உரு. அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு பொருத்தப்பட்டிருக்கும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 110 நிமிடம். செல் அதைக் குளுக்கோஸ் என்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதல் நொதி அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றியதும் அது அடுத்த படிக்குப் போகவும் முடியாமல், வெளியேறவும் முடியாமல் செல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. நிறையக் குளுக்கோஸ் இழுக்கும் திசு படத்தில் ஒளிர்கிறது. பல புற்றுநோய்க் கட்டிகள் ஒளிர்கின்றன. ஆனால் மூளையும் ஒளிர்கிறது. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுவதால் சிறுநீர்ப்பையும் ஒளிர்கிறது. “சர்க்கரையைத்தான்” என்று நான் சொன்னதில் இருந்த அந்தத் “தான்” எந்தப் படத்திலும் இல்லை. அது நான் சேர்த்தது.

அறுவை சிகிச்சைக்கு முன்பே வேதிமருந்து தொடங்கினார்கள். 21 நாளுக்கு ஒரு சுற்று. நான்காம் சுற்றுக்கு முன் சித்தப்பா அழைத்தார். 58 கிலோ இருந்தவர் 49 கிலோவுக்கு வந்துவிட்டார், இரத்த அணுக்களும் குறைந்திருக்கின்றன, உடம்பு தாங்காது என்று மருத்துவர் ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார் என்றார். மருந்தின் குமட்டலால் சாப்பிட முடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை டெக்கான் குவீனில் ஏறி தாதரில் இறங்கினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது. அன்றைய வியாபாரம் முடிந்து, மிஞ்சிய இட்லிகள் ஈரத்துணிக்கு அடியில் இருந்தன. சித்தப்பாவும் ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தியும்தான் கொப்பரையைக் கவனிக்கிறார்கள்; சித்தி ஓரமாக உட்கார்ந்து மாவின் பதம் மட்டும் பார்த்துச் சொல்வாராம். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த கீரையும் நறுக்கிய வெள்ளரிக்காயும் இருந்தன. தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டினேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

“அதுக்குத் தீனி போடச் சொல்லுதியா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“நீதானே பிள்ள சொன்ன, அது சர்க்கரையத்தான் திங்கும்னு. சோறும் இட்லியும் உள்ள போனா சர்க்கரதானாம். வாட்சப்புல எல்லாம் வந்திச்சு. பட்டினி போட்டா அது செத்துருமாம். இதக் கண்டுபிடிச்சதுக்கு ஒரு வெள்ளக்காரன் நோபல் பரிசே வாங்கிருக்கானாம். நீ சொன்னதும் அதுவும் ஒண்ணாத்தான இருக்கு?”

அரிசி, இட்லி, வாழைப்பழம், பால் என்று ஒவ்வொன்றாக இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்தியிருக்கிறார். சித்தப்பா வற்புறுத்திய போதெல்லாம் என் பெயரைச் சொல்லி வாயை அடைத்திருக்கிறார். புற்றுநோயைப் படிக்கிற பிள்ளை சொன்னது என்றால் அந்த வீட்டில் மறுபேச்சு ஏது? வாட்ஸப் செய்திகள் நூறு வந்திருக்கலாம். அவற்றை நம்புவதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது நான்.

அந்த வெள்ளைக்காரர் ஓட்டோ வார்பர்க். ஜெர்மானியர். கட்டித் திசு ஆக்ஸிஜன் இருக்கும்போதும் குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டிக் அமிலமாக நொதிக்கச் செய்கிறது என்பதை 1920களில் அளந்து காட்டியவர். அந்த அளவீடு இன்றும் நிற்கிறது. அவருக்கு 1931-இல் நோபல் பரிசு கிடைத்ததும் உண்மை. ஆனால் அது செல்சுவாச நொதியின் இயல்பையும் அது செயல்படும் முறையையும் கண்டறிந்ததற்காக. புற்றுநோயைப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்பதற்காக அன்று. மேலும், சுவாசம் பழுதுபடுவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று 1956-இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் எழுதியபோது, அதே ஆண்டில் அதே இதழில் சிட்னி வைன்ஹவுஸ் அதை மறுத்தார். கட்டிகளும் சுவாசிக்கின்றன, அவற்றின் மைட்டோகாண்ட்ரியா செயலற்றுப் போகவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அளவீடு சரி, அதிலிருந்து இழுத்த முடிவு தவறு என்பதே பின்னர் பெரும்பாலான கட்டிகளில் கண்டது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் தருவதில்லை. அஸ்பார்டேட் என்ற கட்டுமானப் பொருளைச் செய்யவும் வழிவகுக்கிறது, அது இல்லாமல் செல் இரண்டாக முடியாது என்று 2015-இல் இரு குழுக்கள் காட்டின.

இவையெல்லாம் எனக்குத் தெரியும். என் ஆய்வே இதுதான். தெரிந்திருந்தும் தொலைபேசியில் பாதியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சித்தியின் கோப்பைப் புரட்டினேன். முந்தைய வாரம் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 92. இரண்டு மாதமாகச் சோறே காணாத உடம்பில் 92. அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் என் பாடப்பொருள் முழுவதும் அந்தச் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்ததாக உணர்ந்தேன்.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் செல்லின் வாசலில் நின்று மணியடிப்பவை. ஈஸ்ட்ரோஜன், கார்டிசால், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் ஏ, வைட்டமின் டி ஆகியவற்றின் வழி வேறு. இவை கொழுப்பில் கரைபவை. செல்லுக்குள் புகுந்து, உட்கரு ஏற்பி என்னும் புரதத்தின் பையில் அமர்கின்றன. அந்த ஏற்பி டி.என்.ஏ.மீது நேரடியாக உட்கார்ந்து எந்த மரபணுவைப் படிக்கவேண்டும், எதை மூடிவைக்கவேண்டும் என்று ஆணையிடுகிறது. மனிதரில் இத்தகைய ஏற்பிகள் 48 உள்ளன.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு என்பது பள்ளியில் படித்தது. ஆனால் அதில் இருப்பவை 37 மரபணுக்கள். அவற்றுள் புரதத்துக்கானவை 13 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்களோ ஆயிரத்துக்கும் மேல். மற்றவை அனைத்தும் உட்கருவிலிருந்து எழுதப்பட்டு, வெளியே செய்யப்பட்டு, உள்ளே அனுப்பப்படுபவை. ஆகவே, எவ்வளவு எரிக்கவேண்டும், சர்க்கரையை எரிப்பதா கொழுப்பை எரிப்பதா என்பதில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு முழு உரிமை கிடையாது. உட்கருவிலிருந்து ஆணை வரவேண்டும். அந்த ஆணை எழுதுவோரில் உட்கரு ஏற்பிகள் முக்கியமானவை.

உண்ணாத உடம்பில் நடப்பது இது. கார்டிசால் உயர்கிறது. குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி கல்லீரலில் புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் மரபணுக்களை எழுப்புகிறது. பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற இணை ஊக்கிப் புரதம் அந்த ஏற்பியோடு கைகோத்து வேலையை விரைவுபடுத்துகிறது. மூலப்பொருளில் பெரும்பங்கு தசையிலிருந்து வருகிறது. தசைப் புரதம் உடைந்து அமினோ அமிலமாகிக் கல்லீரலைச் சேர்கிறது. பி.பி.ஏ.ஆர். ஆல்ஃபா என்ற இன்னோர் உட்கரு ஏற்பி, கல்லீரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் செய்ய வகைசெய்கிறது. மூளையையும் இரத்தச் சிவப்பணுக்களையும் காப்பாற்ற இந்த ஏற்பாடு. உணவு இல்லாத நாள்களில் மனித இனம் உயிர்தரித்தது இதனால்தான்.

ஆகவே சித்தி நிறுத்தியது சோற்றை மட்டுமே. இரத்தத்தில் சர்க்கரை நிற்கவில்லை. அவர் தொடையும் தோளும் சர்க்கரையாகிக்கொண்டிருந்தன. கட்டிக்குத் தீனி குறையவில்லை. மருந்தைத் தாங்கவேண்டிய உடம்புதான் குறைந்தது.

இதை எப்படிச் சொல்வது? ஏற்பி, இணை ஊக்கி என்று தொடங்கினால் பயனில்லை. “சித்தி, நீங்க இட்லி தின்னாட்டியும் ஒங்க ஈரல் சர்க்கரையைச் செஞ்சிட்டேதான் இருக்கும். மாவு இல்லன்னா ஒங்க தசையப் போட்டு அரைக்கும். இந்தாங்க, சீட்டுல பாருங்க, 92,” என்றேன்.

சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மாவு அரைத்தே வாழ்ந்தவருக்கு அரைபடுவது என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் முன்கையை மற்றக் கையால் ஒருமுறை சுற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“அப்ப அது என்னதான் திங்கும்?”

“எது கிடைச்சாலும் திங்கும் சித்தி. சர்க்கரை, கொழுப்பு, புரதத்துல உள்ள குளூட்டமைன்னு ஒண்ணு. ஒண்ண நிறுத்தினா இன்னொண்ணுக்கு மாறிக்கும்.”

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாமே.”

கோபமே இல்லாமல் சொன்னார். தட்டை இழுத்து ஓர் இட்லியைப் பிட்டார்.

மறுநாள் மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் அழைத்துப்போனோம். முட்டை, பருப்பு, பால், சோறு என்று நேரம் போட்டு எழுதிக்கொடுத்தார். என்னால் ஏற்பட்டதை நானே அவரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. இப்படி வருபவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் வீட்டில் படித்தவர் ஒருவர் இருப்பார் என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். (புற்றுநோய்ச் சிகிச்சையில் உணவு முறைகளைப் பற்றிய ஆய்வுகள் நடக்கின்றன, அவை மருத்துவரின் கண்காணிப்பில் நடப்பவை. வீட்டில் தாமாகச் செய்துகொள்ளும் பட்டினி வேறு.) அறுவை சிகிச்சைக்கு முன் எடை 53-க்கு ஏறியிருந்தது.

இனி ஆறாம் இயல்.

என் ஆய்வு ஈஸ்ட்ரோஜன் தொடர்பு ஏற்பி ஆல்ஃபா பற்றியது, ஆய்வகத்தில் இ.ஆர்.ஆர். ஆல்ஃபா என்போம். 1988-இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் உருவ ஒற்றுமையைக் கொண்டு தேடிக் கண்டெடுக்கப்பட்டது. பெயரில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதே தவிர ஈஸ்ட்ரோஜன் அதில் சேராது. அதன் பை பக்கச் சங்கிலிகளால் ஏறக்குறைய நிரம்பிக் கிடக்கிறது. எந்த ஹார்மோனுக்கு உரியது என்று தெரியாததால் அநாதை ஏற்பி என்று வகைப்படுத்தினார்கள். ஹார்மோன் இல்லாமலே அது இயங்கும் நிலையில் நிற்கிறது. அதற்குத் துணையாக வருவது மேலே சொன்ன அதே பி.ஜி.சி.-1 ஆல்ஃபா. 1998-இல் பழுப்புக் கொழுப்பில் கண்டறியப்பட்ட அந்தப் புரதமும் இந்த அநாதை ஏற்பியும் சேர்ந்தால், மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத் தொடருக்கான மரபணுக்கள் கூட்டமாக விழித்துக்கொள்கின்றன.

இது புற்றுநோயில் என்ன செய்கிறது என்பதே கேள்வி. மார்பகக் கட்டிகளில் இ.ஆர்.ஆர். ஆல்ஃபா மிகுந்திருப்பது பாதகமான அறிகுறிகளோடும், அதன் உடன்பிறப்பான இ.ஆர்.ஆர். காமா மிகுந்திருப்பது சாதகமான அறிகுறிகளோடும் சேர்ந்து காணப்பட்டதாக 2002-இல் ஒரு குழு எழுதியது. நான் தேர்ந்துகொண்டதும் மார்பகச் செல் வரிசைதான்: எம்.சி.எஃப்.-7. 1970-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 69 வயதுக் கன்னிகாஸ்திரீ ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றுவரை உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கும் செல்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இவற்றால் வந்தது.

தாராவியிலிருந்து திரும்பிய வாரத்தில் இந்தச் செல்களைக் குளுக்கோஸ் இல்லாத ஊடகத்தில், காலக்டோஸை மட்டும் கொடுத்து வளர்த்தேன். காலக்டோஸ் மெதுவாகவே சிதைவதால், செல் பிழைக்கவேண்டுமென்றால் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே ஆகவேண்டும். பாடநூல்தனமான சோதனை, எத்தனையோ முறை செய்தது. ஆனால் அந்த முறை, குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு உயிரோடு கிடந்த செல்களைப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. சர்க்கரையைத்தான் தின்னும் என்று நான் சொன்னவை இவை. வேகம் குறைந்திருந்தது. சாகவில்லை. இ.ஆர்.ஆர். ஆல்ஃபாவைக் குறைத்தபோதுதான் காலக்டோஸில் தடுமாறின.

அழகான முடிவு. இந்த ஏற்பி புற்றுநோய்க்கு மூச்சுக் கொடுக்கிறது, இதை அடைத்தால் நோய் அடங்கும் என்று ஆய்வேட்டை முடித்திருக்கலாம். இடையூறு என்னவென்றால், ஒப்பீட்டுக்காக எடுத்த புராஸ்டேட் செல் வரிசை ஒன்றில் அதே சோதனை அந்த விடையைத் தரவில்லை. மூன்று முறை செய்தும் தரவில்லை. அந்தத் தரவைக் கோப்புறையின் ஆழத்தில் போட்டுவைத்திருந்தேன். செல் வரிசையின் குறையாக இருக்கலாம், கைத்தவறாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கைகளில் காட்டியதில்லை.

இலக்கியத்தைப் படிக்காதவளும் அல்லேன். 2014-இல் ‘நேச்சர் செல் பயாலஜி’ இதழில் ஒரு கட்டுரை: பி.ஜி.சி.-1 ஆல்ஃபா மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கி மார்பகப் புற்றுநோய் பரவத் துணைசெய்கிறது. 2016-இல் அதே இதழில் இன்னொன்று: புராஸ்டேட்டில் அதே பி.ஜி.சி.-1 ஆல்ஃபா, இ.ஆர்.ஆர். ஆல்ஃபாவின் வழியாக, நோய் பரவுவதைத் தடுக்கிறது. தோல் புற்றுநோயான மெலனோமாவில் இரண்டும் உண்டு. அது மிகுந்த செல்கள் ஆக்ஸிஜனேற்ற நெருக்கடியைத் தாங்கிப் பிழைக்கின்றன என்று 2013-இல் எழுதிய ஆய்வகமே, அது குறையும்போதுதான் செல்கள் நகர்ந்து பரவத் தொடங்குகின்றன என்று 2016-இல் எழுதியது. பிழைத்திருப்பது ஒரு வேலை, புறப்பட்டுப் போவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே ஆணை பொருந்துவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவை நேராக அடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சுவாசத் தொடரின் முதல் கூட்டமைப்பைத் தடுக்கும் ஐ.ஏ.சி.எஸ்.-010759 என்ற மருந்து எலிகளில் நம்பிக்கை தந்தது. மனிதரில் லாக்டேட் உயர்ந்தது, நரம்புகள் பாதிக்கப்பட்டன; நோயைக் கட்டுப்படுத்தியதும் சொற்பமே. அந்தச் சோதனைகள் நிறுத்தப்பட்டதை 2023-இல் வெளியிட்டார்கள். நோயாளியின் நரம்பும் இதயமும் அதே சுவாசத் தொடரால்தானே வாழ்கின்றன?

இவ்வளவும் தெரிந்தே என் தரவை ஒளித்துவைத்திருந்தேன். பொய் எதுவும் எழுதவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் சோதனையில் நின்றது. தொலைபேசியில் சொன்னதும் அப்படித்தான் இருந்தது என்பது ஒருநாள் இரவு வரைபடங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது உறைத்தது. “இத அன்னைக்கே சொல்லிருக்கலாமே” என்று கேட்க இந்த முறை யாரும் இல்லை. வருங்காலத்தில் என் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த ஏற்பியை எல்லாக் கட்டியிலும் அடைக்கலாம் என்று இரண்டு ஆண்டுகளைச் செலவிடப்போகும் ஒரு மாணவர் இருப்பார். அவருக்கும் பின்னால், வெகு தொலைவில், மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் இருப்பார்.

மறுவாரம் ஆய்வுக் கூட்டத்தில் புராஸ்டேட் தரவைக் காட்டினேன். “கதை கலைகிறதே” என்றார் ஒரு மூத்த மாணவர். நெறியாளர் சற்று யோசித்துவிட்டு, “கலைந்தபடியே எழுது, ஆனால் கட்டுப்பாட்டுச் சோதனைகள் அனைத்தையும் செய்துவிட்டு எழுது” என்றார். பதினொரு மாதம் கூடுதலாயிற்று. உதவித்தொகை முடிந்து ஐந்து மாதம் சேமிப்பில் ஓட்டினேன். ஆறாம் இயலில் முடிந்த முடிபு ஒன்றும் இல்லை. இந்த ஏற்பியின் ஆணை, அது எந்தத் திசுவில், எந்த இணை ஊக்கியோடு, எந்த உணவுச் சூழலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்றும், என் தரவு எதுவரை பேசுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறேன். ஆய்வேட்டிலேயே குறைவாகப் பாராட்டப்படப்போகும் இயல் அதுவாகத்தான் இருக்கும். அதுவின்றி மற்ற ஐந்தையும் கையெழுத்திட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மில் பலர், குடும்பத்தில் ஆய்வுக்கு வந்த முதல் தலைமுறை. வீட்டுக்கு அறிவியல் நம் வாய்வழியாகத்தான் போகிறது. நெறியாளரிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் எடைபோடும் நாம், அம்மாவிடமும் சித்தியிடமும் பேசும்போது எளிமை என்ற பெயரில் பாதியை விட்டுவிடுகிறோம். எளிமையாகச் சொல்வது வேறு, குறைத்துச் சொல்வது வேறு. கருத்தரங்கில் தவறாகச் சொன்னால் யாரேனும் எழுந்து மறுப்பார்கள். வீட்டில் மறுப்பதில்லை. அப்படியே செய்துவிடுகிறார்கள்.

நான் அன்று சொல்லியிருக்கவேண்டியது இவ்வளவுதான்: “பல கட்டிகள் சர்க்கரையை அதிகமாக இழுக்கும், அதனால் படத்தில் தெரியும், மற்றதையும் தின்னும், உங்கள் மூளையும் சர்க்கரையை இழுக்கும், ஆகவே நீங்கள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.” இன்னோர் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

சித்தி இப்போது மூன்றாம் ஆண்டாக தமாக்சிஃபென் எடுத்துக்கொள்கிறார். நாள்தோறும் 20 மில்லிகிராம். அந்தச் சிறு மாத்திரை மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் பைக்குள் ஈஸ்ட்ரோஜன் உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்து, ஏற்பியின் கடைசிச் சுருளை மூடவிடாமல் தடுக்கிறது. இணை ஊக்கிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதே மாத்திரை எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளக்கூடும், கருப்பையிலும் அப்படியே. அதனால்தான் இரத்தப்போக்கு ஏதும் கண்டால் உடனே சொல்லவேண்டும் என்று மருத்துவர் அறிவுறுத்தியிருக்கிறார். இந்த முறை அதை முழுவதுமாகச் சொன்னேன். மாத்திரை நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. “எந்த எடத்துலன்னு பாக்கணும், அப்படித்தான?” என்றார்.

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பதிவிடுமுன் தொலைபேசியில் முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: கொப்பரை ஏறுவது இரண்டரைக்கு அன்று, இரண்டு மணிக்கு. நான் எழுந்து பார்ப்பதுதான் இரண்டரைக்காம்.